தீக்கோழி தின்ற மோர்மிளகாய்

கொரோனா அடங்கி விமானங்கள் பழையபடி பறக்கத் தொடங்கிய காலத்தில், நானும் கணவரும் ஒஸ்லோவிலிருந்து நமீபியாவின் பாலைவனத்துக்கு ஒரு வருட ஊழியத்துக்காகப் போயிருந்தோம். அங்கே நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஓய்வூதியம் எடுத்தவர்கள். அவர் ஒஸ்லோவில் பஸ் ஓட்டியவர். நான் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தவள். நான் துடைத்த தரையில் முகம் பார்க்கலாம், அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. எங்கள் சபையில் வயதான தம்பதிகளாகத்தான் தேடினார்கள். இளையவர்களுக்கு வேலை இருக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இருக்கும். கணவர் கேட்ட உடனே ஓம் என்றுவிட்டார். “அம்மா, ரொம்சோஸ் மேட்டிலை ஏறவே முழங்கால் நோகுது எண்டுறியள், மணலுக்கை என்ன செய்யப் போறியள்?” என்று மகள் கேட்டாள். ரொம்சோஸ் ஒஸ்லோவில் நாங்கள் குடியிருக்கிற மேட்டுப் பகுதி. பாலைவனத்தில் மேடு இல்லை என்று அடித்துச் சொன்னேன். போய் இறங்கிய பிறகுதான், அங்கே மணலே மலையாக நிற்கும் என்று கண்டேன்.

நாங்கள் இருந்தது ஒரு சின்னக் குடியிருப்பு. தகர வீடுகள், ஆடுகள், ஆடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி, ஒரு சின்ன ஆலயம், அதற்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். ஞாயிறுகளில் கணவர் ஆங்கிலத்தில் பேசுவார், ஆலயத்து உபதேசியார் அதை அந்த ஊர்ப் பாஷையில் சொல்வார். புதன்கிழமைகளில் பெண்களைக் கூட்டி ஜெபம் நடத்துவது என் பொறுப்பு. நான் தமிழில் சொல்வதை அவர்கள் இரண்டு பேரும் மாற்றிச் சொல்வார்கள்.

கணவருக்கு அந்த இடம் அப்படிப் பிடித்துவிட்டது. பனியிலும் இருட்டிலும் பஸ் ஓட்டிக் கழிந்த மனிதர், விடிந்ததும் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். வெயில் ஏறினால் தன் வாலையே குடையாகத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு புல் தின்னும் அணிலை எனக்குக் காட்டினார். வேலமரத்தில் வைக்கோல்போர் மாதிரி ஒரு பெரிய கூட்டைக் கட்டி, அதற்குள் ஊரே குடியிருக்கிற மாதிரி இருக்கும் குருவிகளைக் காட்டினார். பொழுது சாயும்போது மணலுக்குள்ளிருந்து பல்லிகள் தலையை நீட்டிக்கொண்டு ‘டக் டக்’ என்று சத்தம் போடும். அதைக் கேட்பதற்காகவே வாசலில் கதிரை போட்டு இருப்பார். கல்யாணம் செய்த நாளிலிருந்து அவர் முகத்தை நான் அவ்வளவு வெளிச்சமாகக் கண்டதில்லை.

என் புதன்கிழமைகள்தான் சரிவரவில்லை.

நான் மண்டபத்தைக் கூட்டித் துடைத்து, கதிரைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொரு கதிரையிலும் ஒரு வேதபுத்தகமும் ஒரு பாட்டுப் புத்தகமும் வைப்பேன். முன்னால் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் நான். முதல் புதன் நாலைந்து பேர் வந்தார்கள். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தபடியே இருந்துவிட்டுப் போனார்கள். அடுத்த புதன் இரண்டு பேர். அதற்குப் பிறகு கதிரைகளும் நானும்தான்.

மாதத்துக்கு ஒருமுறை பட்டணத்திலிருந்து எங்களைப் பார்க்க ஒரு நோர்வேக்காரப் பெண்மணி வருவார். நல்ல மனுசி. காலியான கதிரைகளைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, “இது எல்லோருக்கும் சரிவருகிற வேலை இல்லை. அடுத்த முறை வரும்போது யோசிப்போம். நத்தார்ப் பண்டிகைக்கு நீங்கள் வீட்டுக்குப் போய்விட்டாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள்” என்றார். அவர் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த அன்புதான் தாங்க முடியவில்லை.

“போகத்தான் வேணுமெண்டால் போவம்” என்றார் கணவர். ஆனால் அடுத்த நாள் காலை பைனாகுலர் ஆணியிலேயே தொங்கியது. என்னால்தான் இந்த மனிதர் இந்த இடத்தை இழக்கப்போகிறார் என்று நினைத்தேன். தோற்றுப்போனவளாக ரொம்சோஸுக்குத் திரும்பிப் போவதும் எனக்கு முடியாத காரியம்.

கவலை வந்தால் நான் கையை வேலையில் விடுகிறவள். பட்டணத்துக் கடையில் பச்சைமிளகாய் கிடைத்தது. ஆட்டுப்பால் தயிரைக் கடைந்து, உப்புப் போட்டு, மிளகாயைக் கீறி ஊறவைத்தேன். ஒஸ்லோவில் மோர்மிளகாய் காயவைக்க நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். பல்கனியில் வைத்தால் மழை, ஹீட்டரில் வைத்தால் வீடெல்லாம் மணம். இங்கேயோ வெயில் கொட்டிக் கிடக்கிறது. வீட்டுக்குப் பின்னால் வெள்ளைத் துணி விரித்துப் பரப்பினேன்.

வேலிக்கு அப்பால் ஒரு கிழவி இருந்தா. என் வயதுதான் இருக்கும், ஆனால் என்னைவிட நிமிர்ந்த நடை. ஒரு புதனும் மண்டபத்துப் பக்கம் வந்ததில்லை. அன்றைக்கு வேலியருகே வந்து, வேண்டாம் என்று கையை ஆட்டினா. பிறகு கையைத் தலைக்கு மேலே நீட்டி, நுனியைக் கொக்கு மாதிரி மடித்துக் காட்டினா. ஏதோ பறவை வரும் என்கிறா என்று விளங்கியது. காகத்துக்குக் காவல் இருந்து பழகிய எனக்கு இதென்ன பெரிய விசயம் என்று தலையை ஆட்டிவிட்டு என் பாட்டில் பரப்பினேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் எட்டிப் பார்த்தால், துணியின் நடுவில் ஒரு தீக்கோழி நிற்கிறது.

வேலி உடைந்த ஏதோ பண்ணையிலிருந்து வந்து, தண்ணீர்த் தொட்டியை நம்பி அந்தப் பக்கம் திரிந்த சேவல் அது. என்னைவிட இரண்டு முழம் உயரம். மிளகாயை ஒவ்வொன்றாகக் கொத்தி விழுங்கியது. உறைப்பு என்ற பேச்சே இல்லை. விழுங்கிய மிளகாய் அந்த நீட்டுக் கழுத்தில் இறங்குவதுகூடத் தெரிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாசல் கூட்டுகிற தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அது பறக்கவில்லை, ஓடவுமில்லை. செட்டையை விரித்துக்கொண்டு என்னைப் பார்த்துத் திரும்பியது. அதன் கால் முன்பக்கம் சிவந்திருந்ததைக் கண்டேன். சோடி சேருகிற காலத்தில் சேவலுக்குக் கால் இப்படிச் சிவக்கும், அப்போது கிட்டப் போகக்கூடாது, உதைத்தால் வயிறு கிழிந்துவிடும் என்று கணவர் சொல்லியிருந்தார். கோபத்தில் அதெல்லாம் எங்கே நினைவு வந்தது?

“இஞ்சேரும், ஓடாதையும். அப்பிடியே நில்லும்” என்று வீட்டு மூலையிலிருந்து கணவரின் குரல் கேட்டது. அது ஒரு அடி வைத்தது. தடி என் கையிலிருந்து விழுந்தது.

அப்போதுதான் எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு முள்ளுக் கொப்பு நீண்டது. அந்தக் கிழவி. வேலமரத்துக் கொப்பொன்றை இரண்டு கையாலும் பிடித்து, அதன் கண்ணுக்கு நேரே நீட்டியபடி நடந்தா. அவசரமே இல்லை, மாட்டை ஓட்டிப் போகிற மாதிரித்தான். அந்தப் பெரிய பறவை கண்ணில் முள் பட்டுவிடும் என்று பயந்து பின்னால் பின்னால் போய், கடைசியில் திரும்பி ஓடியது.

கிழவி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், தன் வீட்டு அடுப்பருகே ஒரு தகரப் பெட்டியில் இருத்தினா. கறுப்புத் தேநீரில் கை நிறையச் சீனி அள்ளிப் போட்டுத் தந்தா. நான் பாதித் தேநீரை மடியில் ஊற்றிக்கொண்டேன். அவவோ என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தா. சத்தம் கேட்டு மற்றப் பெண்களும் வந்துவிட்டார்கள். மிச்சம் கிடந்த ஒரு மிளகாயை ஒருத்தி கடித்துவிட்டுக் கண்ணீரோடு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினாள். பிறகு சிரிப்பு அடங்கவே இல்லை. “தீக்கோழி எண்டு சும்மாவே பேர் வைச்சவை?” என்றார் கணவர். எனக்கும் சிரிப்பு வந்தது.

உபதேசியாரும் வந்திருந்தார். சந்தர்ப்பத்தை விடக்கூடாது என்று, புதன்கிழமை ஏன் வருவதில்லை என்று கிழவியிடம் கேட்கச் சொன்னேன். அவ இரண்டு உள்ளங்கைகளையும் புத்தகம் போல விரித்துக் காட்டி ஏதோ சொன்னா. உபதேசியார் ஆங்கிலத்தில் சொல்ல, கணவர் எனக்குச் சொன்னார்.

“நீர் கதிரைக்குக் கதிரை புத்தகம் வைக்கிறீராம். அது வாசிக்கத் தெரிஞ்சவைக்கான இடம் எண்டு நினைச்சினமாம். இஞ்சை ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாதாம்.”

உபதேசியாருக்கே அது அன்றுதான் தெரியும். அவரும் வேறு ஊரிலிருந்து புதிதாக வந்தவர்.

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். கதிரையில் வைத்த அந்த ஆங்கிலப் புத்தகங்களில் எனக்கு ஒரு வரி தெரியாது. தெரிந்தவள் போல இருக்கத்தான் அத்தனை புத்தகத்தையும் அடுக்கினேன். ஒஸ்லோவிலும் நான் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

“எனக்கும் அந்தப் புத்தகம் வாசிக்கத் தெரியாது எண்டு சொல்லுங்கோ” என்றேன்.

கணவர் என் முகத்தைப் பார்த்தார். என் ரோசம் அவருக்குத் தெரியும். “சொல்லட்டே?” என்றார்.

“சொல்லுங்கோ.”

கிழவி என்னை மேலும் கீழும் பார்த்தா. பிறகு அவ சொன்னதைக் கேட்டு உபதேசியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அப்ப நீ ஏனடி மேசைக்கு அங்காலை இருந்தனி எண்டு கேக்கிறா.”

அடுத்த புதன் நான் மண்டபத்தைத் திறக்கவில்லை. அந்த அடுப்படிக்குத்தான் போனேன். பட்டணத்து ஹோட்டலில் வேலை செய்து ஆங்கிலம் பழகிய ஒருத்தி இருந்தாள். நான் தமிழில் சொல்ல, கணவர் ஆங்கிலத்தில் சொல்ல, அவள் தங்கள் பாஷையில் சொன்னாள். வேதபுத்தகத்தில் வருகிற, பாலைவனத்தில் தண்ணீர் முடிந்து, பிள்ளையைப் புதருக்கடியில் கிடத்திவிட்டு அழுத தாயின் கதையைச் சொன்னேன். எந்தப் புதர் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. எந்தச் செடிக்கு அடியில் நிழல் தங்கும், எதற்கு அடியில் பாம்பு இருக்கும் என்று தங்களுக்குள் வாதாடத் தொடங்கி, கடைசியில் அந்தத் தாய்க்காக ஒரு செடியை அவர்களே தெரிந்தெடுத்தார்கள். சிறு வயதிலிருந்து கேட்ட கதை, அன்றைக்குத்தான் எனக்கு அதில் வெயில் சுட்டது.

நோர்வேக்காரப் பெண்மணி வந்தபோது மண்டபம் பூட்டிக் கிடந்ததைப் பார்த்து முகம் வாடிவிட்டாராம். கணவர் அவரை அடுப்படிக்குக் கூட்டிவந்தார். பெண்கள் நெருங்கி இருந்து அவருக்கும் இடம் விட்டார்கள். போகும்போது நத்தாரைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த நாள் விடியற்காலையில் பார்த்தால் ஆணியில் பைனாகுலரைக் காணோம். நாங்கள் முழு வருடமும் இருந்துவிட்டுத்தான் வந்தோம்.

இப்போதெல்லாம் ரொம்சோஸில் எங்கள் கட்டடத்துக்கு யாராவது புதிதாகக் குடிவந்தால், அவர்களை என் வீட்டுக்குக் கூப்பிடுவதற்கு முதல், நானே போய்க் கதவைத் தட்டி, குடிக்க ஒரு தேநீர் கிடைக்குமா என்று கேட்கிறேன். கொடுக்கிற கையாகவே இருந்து பழகிய எனக்கு ஒவ்வொரு கதவிலும் கை இன்னும் கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது, ஆனாலும் தட்டிவிடுகிறேன்.