செருப்பு அழுதால் என்ன அணி?

டுட்டோரியல் வாத்தியார் வேலை இருக்கிறதே, ஊரில் நாலு பேர் பெயிலானால்தான் நம் வீட்டில் உலை கொதிக்கும். ரிசல்ட் வரும் நாளில், பிள்ளை பாஸாக வேண்டும் என்று கோயிலில் உருகுகிறவர்கள் நடுவில் நான் என்ன வேண்டிக்கொண்டு நின்றிருப்பேன் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் பேப்பரில் முட்டிக்கொண்டவர்கள், 'இஸ்'ஸுக்கும் 'வாஸ்'ஸுக்கும் நடுவில் இளமையைத் தொலைத்தவர்கள், இதைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது இருப்பீர்கள். உங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலை தேரடித் தெருவில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது எங்கள் டுட்டோரியல். எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டை விட்டவர்களை மறுபடி எழுத வைக்கும் இடம். ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, எங்கும் வேலை கிடைக்காமல் அங்கே போய்ச் சேர்ந்தேன். என்னுடைய சனி, ஞாயிறு வகுப்பில் வேலைக்குப் போகிறவர்கள்தான் ஜாஸ்தி. முக்கால்வாசிப் பேர் என்னைவிட மூத்தவர்கள்.

முதல் நாள் உபதேசம்

முதல் வகுப்பில் ஒரு மணி நேரம் ஆங்கிலக் கவிதையின் அழகைப் பற்றிப் பேசினேன். கீழே பாத்திரக் கடையில் யாரோ அண்டாவுக்கு ஒடுக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு வரி சொல்வேன், அவன் நாலு அடி அடிப்பான். ஆனாலும் நன்றாகவே பேசியதாக எனக்கு நினைப்பு. முன் பெஞ்சில் இருந்த ஒருவர் கண்ணை மூடி ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்து எல்லாரும் எழுந்து போன பிறகும் ரசித்துக்கொண்டிருந்தார்.

டுட்டோரியலின் முதலாளி தன்னைப் பிரின்சிபால் என்று கூப்பிடச் சொல்வார். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டவர், என் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "தம்பி, இவங்க யாரும் கவிதை எழுதப் போறதில்ல. முப்பத்தஞ்சு மார்க் எழுதினாப் போதும்."

ஒன்றே ஒன்றுக்குத் 'தி'

அந்த வகுப்பில் அஞ்சலை என்று ஒருவர். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். முப்பதைத் தொட்டிருப்பார். ஊர் பால்வாடியில் ஆயா. குழந்தைகளை வீடு வீடாகப் போய்க் கூட்டி வருவது, கஞ்சி காய்ச்சுவது, மூக்கைத் துடைத்துவிடுவது எல்லாம் அவர் பொறுப்பு. அங்கே இருந்த டீச்சர் வருகிற ஜூனில் வேலையை விடுவதாக இருந்தார். அஞ்சலை அதற்குள் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டால் அந்த இடம் அவருக்கு. இல்லையென்றால் வெளியூரிலிருந்து யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்த நாற்காலி மறுபடி எப்போது காலியாகுமோ யார் கண்டது? மற்றப் பாடமெல்லாம் எப்போதோ பாஸ். இங்கிலீஷ் மட்டும் ஒவ்வொரு தடவையும் காலை வாரிவிட்டுக்கொண்டே இருந்தது. மார்ச்சில் எழுதப்போவதுதான் கடைசி வாய்ப்பு.

'எ', 'ஆன்' இரண்டையும் அவர் சுலபமாகப் பிடித்துக்கொண்டார். 'ஒரு', 'ஓர்' மாதிரிதான் என்றதும் விஷயம் முடிந்தது. 'தி'யில்தான் எல்லாரும் சறுக்கினார்கள். "சூரியன் ஒன்றுதான், சந்திரன் ஒன்றுதான். அதனால் 'தி'. பத்தில் ஒன்று என்றால் 'எ'" என்று போர்டில் எழுதினேன். அதுவரை வாயே திறக்காமல் இருந்த அஞ்சலை எழுந்து நின்றார். "எங்க ஊரு பால்வாடிக்கு டீச்சர் ஒருத்தர்தான், சார். ஜூன்ல எங்கேர்ந்தோ 'எ டீச்சர்' வந்துட்டாங்கன்னா நான் ஆயாவாவே நின்னுடுவேன். நான்தான் சார் அந்த 'தி' ஆவணும்."

உடைந்த பானை

இன்னொருவர் ஏழுமலை. வக்கீல் குமாஸ்தா. வெயிலோ மழையோ, கையில் குடை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. நாற்பது தாண்டியவர், என்னை 'சார்' என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். பாஸிவ் வாய்ஸ் நடத்திய அன்று அந்த மனிதரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சொந்த ஊருக்கு வந்து இறங்கியவர் மாதிரி ஆகிவிட்டார். 'எதிர்வாதியால் வேலி பிடுங்கப்பட்டது' என்று காலமெல்லாம் எழுதிய கை அல்லவா? "யார் செய்தார்கள் என்பது முக்கியமில்லை என்றால் 'பை' போட்டு ஆளைச் சொல்ல வேண்டியதில்லை. பாலம் கட்டப்பட்டது என்றால் போதும், கொத்தனார் பேர் எதற்கு?" என்றேன். ஏழுமலை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் நான் மாடி ஏறும்போதே கீழே கடைக்காரர் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார். மேலே குடிதண்ணீர்ப் பானை நொறுங்கிக் கிடக்க, தண்ணீர் தரையெல்லாம் ஓடிக் கடைக்குள் சொட்டியிருக்கிறது. பானைப் பக்கத்தில் டம்ளரும் கையுமாக ஏழுமலை நின்றிருந்தார். "என்ன ஆச்சு?" என்றேன். "தி பாட் வாஸ் ப்ரோக்கன், சார்" என்றார். ஒரு பிழை கிடையாது, உச்சரிப்பு கூடச் சுத்தம். எனக்குக் கோபத்தை மீறிப் பெருமையாக இருந்தது. ஆனாலும் விடாமல், "யாரால்?" என்று கேட்டேன். "'பை' கட்டாயம் இல்ல, விட்டுடலாம்னு நீங்கதானே சார் போன வாரம் சொன்னீங்க."

திட்டில் இரண்டு வகை

சிமைல், மெட்டஃபர் இரண்டையும் புத்தகத்தில் இருந்தபடி நடத்தினேன். ஒருவருக்கும் ஏறவில்லை. கடைசியில் வீட்டில் வாங்கும் திட்டைக் கையில் எடுத்தேன். "'கழுதை மாதிரி நிக்கறியே' என்றால் சிமைல். 'டேய் கழுதை' என்றால் மெட்டஃபர்" என்றதுதான் தாமதம், வகுப்புக்கு உயிர் வந்துவிட்டது. ஆளாளுக்கு வீட்டில், ஆபீஸில், பஸ்ஸில் வாங்கியதை எல்லாம் கொண்டுவந்து கொட்டி வகை பிரித்தார்கள். இவ்வளவு திட்டையும் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையும் பாழாகிறதே என்று பார்க்காமல் இவர்கள் படிக்க வருகிறார்களே என்று எனக்கு மனசு நெகிழ்ந்துபோயிற்று.

சத்தம் தாங்காமல் பிரின்சிபால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "எருமைங்களா! இது கிளாஸா, சந்தையா?" என்று கத்தினார். மொத்த வகுப்பும் ஒரே குரலில் பதில் சொன்னது: "மெட்டஃபர், சார்!"

செங்கம் ரோட்டில் ஒரு வெள்ளைக்காரர்

பேசிப் பழகினால் பயம் போகும் என்று எண்ணி, "செங்கம் ரோட்டுப் பக்கம் ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் தங்கியிருக்கிறார்கள். யாரிடமாவது நாலு வாக்கியம் பேசிவிட்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். துணிந்து போனவர் ஏழுமலை மட்டும். இஸ்திரி போட்ட சட்டை, குடை, மனப்பாடம் செய்த கேள்விகள் என்று சகல ஏற்பாட்டோடும் போனார். அவருக்கு வாய்த்தவர் ஓர் இத்தாலிக்காரர். வேட்டியும் தாடியுமாக, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். "ஐ... இத்தாலி... கம். மவுண்டன்... குட்" என்பதோடு அவருடைய இங்கிலீஷ் முடிந்துவிட்டது.

"பர்ஃபெக்ட் டென்ஸெல்லாம் ரெடி பண்ணிக்கினு போனேன், சார். அந்த ஆளுகிட்ட ஒரு 'இஸ்' கூட இல்ல" என்று ஏழுமலை நொந்துகொண்டார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்துதான் அவர் தப்போ சரியோ வாய்விட்டு இங்கிலீஷ் பேச ஆரம்பித்தார் என்பது என் நினைவு. அப்போது அவர் கேட்டது இதுதான்: "அவ்ளோ கம்மியா வச்சிக்கினா சார் அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துட்டாரு?"

கற்பூரம் காட்டாத பொருள்

உயிரில்லாத பொருளை உயிருள்ளதுபோலச் சொல்வது பர்சானிஃபிகேஷன். பரீட்சையில் தவறாமல் வரும். கையெட்டும் தூரத்தில், ஜன்னலை அடைத்துக்கொண்டு மலை நின்றதால், "'மலை ஊரைப் பார்க்கிறது' என்று சொன்னால் அது பர்சானிஃபிகேஷன்" என்று சொல்லிவிட்டேன். அஞ்சலை எழுந்தார். "பாக்கத்தானே சார் பாக்குது? அதுல சொல்ற மாதிரி என்ன இருக்கு? அது சாமி." வாசலில் நின்ற பிரின்சிபால் ஜன்னல் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் பக்கம் ஓர் ஆள் கூட இல்லை.

சரி, சூரியன் என்றேன். சூரிய பகவான் என்றார்கள். காற்று, நெருப்பு, மழை எதுவும் தேறவில்லை. வேப்பமரம் என்று வாயெடுத்ததும் ஒரு பெண் என்னைப் பார்த்த பார்வையில் நானே நிறுத்திக்கொண்டேன். கடிகாரம்? ஆயுத பூஜைக்குக் குங்குமம் வைக்கிறோமே என்றார் ஏழுமலை. பேனா, புத்தகம் எல்லாம் சரஸ்வதி. ஒரு மணி நேரம் தேடி, தெருவில் போகும் யாரோ ஒருவருடைய காலில் கிடந்ததைக் காட்டி, "செருப்பு!" என்றேன். ராமர் பாதுகையைச் சொல்ல ஏழுமலை எழுந்தார். "அது மரக்கட்டை, நான் சொல்வது டயர் செருப்பு" என்று உட்காரவைத்தேன். 'தி சாண்டல் இஸ் க்ரையிங்' என்று போர்டில் எழுதியதும் எல்லாரும் நிம்மதியாக எழுதிக்கொண்டார்கள். அஞ்சலை தீர்ப்புச் சொன்னார்: "டயர் செருப்புன்னா அழட்டும், சார். அதுக்கு யாரும் கற்பூரம் காட்ட மாட்டாங்க."

இரண்டு மார்க்

மார்ச் வந்தது. பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றுகொண்டேன். வெளியே வந்த அஞ்சலையிடமிருந்து கேள்வித்தாளை வாங்கி ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஆர்ட்டிகிள் சரி. பாஸிவ் வாய்ஸ் சரி. கட்டுரையில் பால்வாடியைப் பற்றியே எழுதியிருந்தார். கேட்கக் கேட்க எனக்குத் தெம்பு கூடிக்கொண்டே வந்தது. அப்புறம் அந்தக் கேள்வி. 'குழந்தை வீடு போய்ச் சேரும்வரை மலைகள் பார்த்துக்கொண்டிருந்தன' என்ற பொருளில் ஓர் இங்கிலீஷ் வரி. இது என்ன அணி? இரண்டு மார்க். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டதாகச் சொன்னார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, பதில் தெரியும்தானே? இந்த ரெண்டு மார்க்கில் அந்த நாற்காலியே போயிடுமே! அது நம்ம மலை கூடக் கிடையாது, ஏதோ வெள்ளைக்காரன் ஊர் மலை!" என்று வாசல் என்றும் பாராமல் கத்திவிட்டேன். அவரும் பயந்துதான் போயிருந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனால் பதில் தடுமாறாமல் வந்தது. "அது உசுரில்லாததுன்னு நான் எப்படி சார் எழுதித் தர்றது? எந்த ஊரு மலையோ, யாருக்கு சாமியோ."

ஆக்டிவ், பாஸிவ்

ரிசல்ட் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த இரண்டு மார்க் கண்முன்னால் வந்து வந்து நிற்கும். என்னுடைய எந்தப் பரீட்சைக்கும் நான் இப்படித் தவித்ததில்லை. ரிசல்ட் நாள் காலையில் படியில் குடை தட்டும் சத்தம் கேட்டது. ஏழுமலை, கையில் பேப்பரோடு மூச்சிரைக்க வந்தார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரிப்பும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. "சொல்லுங்க ஐயா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தன் கதையை முதலில் சொல்லாமல், அதைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு, அந்த நல்ல மனிதர் இப்படிச் சொன்னார்: "அஞ்சலைம்மா பாஸ் பண்ணிட்டாங்க, சார். அது ஆக்டிவ் வாய்ஸ். நான் பெயில் ஆக்கப்பட்டேன். அது பாஸிவ்."

புதுப் பெயர்

மழைக்காலம் தொடங்கும்போது ஒரு நாள் கீழ்பென்னாத்தூர் பஸ் பிடித்து, அங்கிருந்து நடந்து, அந்தப் பால்வாடிக்குப் போனேன். அஞ்சலை டீச்சர் ஆகி நாலு மாதம் ஆகியிருந்தது. நாற்காலி இருந்தது, அதில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் மூலையில் இன்னொன்றின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். உதவிக்குப் புது ஆயா ஒருவர் வந்திருந்தும், எந்தப் பக்கம் திரும்பினாலும் பிள்ளைகள் இவரைத்தான் "ஆயா, ஆயா" என்று இழுத்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. எவ்வளவு பாடுபட்டு வாங்கிய பட்டம்! "டீச்சர்னு கூப்பிடச் சொல்லித் தரக்கூடாதா?" என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, வாசலைத் தாண்டிய ஒரு பொடியனை எட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். "அதைத் திருத்திக்கினு நின்னா, அதுக்குள்ள ஒண்ணு ரோட்டுக்கு ஓடிடும், சார்."

தவம் கிடந்து டீச்சரானவர் 'ஆயா' என்ற குரலுக்கெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறார். ஒருவர் பாக்கியில்லாமல் 'சார்' என்று கூப்பிட்ட நான்தான் அந்தச் 'சார்' என்ற நாற்காலியை விட்டுக் கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை.