கூலருக்கு முன்னால் பத்து, பின்னால் ஏழு

1. பெங்களூர்க்காரர் ஒருவர் தன் சூப்பர்சார்ஜர் காருக்கு, உள்ளே போகும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் வைக்கச் சொல்லி எங்கள் ஓசூர் ஒர்க்‌ஷாப்பில் விட்டுப் போனார். அதுவரை கூலர் இல்லாமல் ஓடிய வண்டி. சூப்பர்சார்ஜர் காற்றை இன்ஜினுக்குள் தள்ளும் அழுத்தம்தான் பூஸ்ட்; மீட்டரில் அது ஒன்பது காட்டும்.

2. இன்ஜினியரிங் படித்துவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்த என்னிடம் முதலாளி அந்த வேலையைத் தந்தார். தடிமனான, உள்வழி அகலமான கூலரைத் தேர்ந்தெடுத்து மாட்டினேன். மீட்டர் எட்டுக்கு இறங்கியது.

3. போர்மேன் அதைக் கழற்றிவிட்டு, பழைய டீசல் கார் ஒன்றிலிருந்து எடுத்த மெல்லிய கூலரை மாட்டினார். மீட்டர் பத்துக்கு ஏறியது.

4. சுவர்ப் பலகையில் தன் பெயருக்கு நேராகப் பத்து என்றும், அதன் கீழே ‘மேடம் – 8’ என்றும் எழுதினார்.

5. மறுநாளிலிருந்து என் கையில் ஸ்பேனர் இல்லை. எந்த வண்டிக்கு என்ன வேலை என்று ஜாப் கார்டு எழுதும் மேசையில் உட்காரவைத்தார்கள்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அது வழக்கம். வண்டி முடிந்ததும் யார் செய்தது, பூஸ்ட் எவ்வளவு என்று பலகையில் எழுதிவிடுவார்கள். உள்ளே வருகிற எவரும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

“என்னா மேடம், காலேஜ்ல பூஸ்ட்ட ஏத்தச் சொல்லிக் குடுத்தாங்களா, எறக்கச் சொல்லிக் குடுத்தாங்களா?” என்றார் போர்மேன். மெக்கானிக்குகள் ஏழு பேரும் சிரித்தார்கள்.

“அண்ணா, மீட்டர் ஹோஸ் எங்கருந்து வருதுன்னு...”

“ஹோஸ நாங்க பாத்துக்கறோம். நீங்க பேனாவப் பாத்துக்கோங்க.”

நான் சொல்லவந்தது இதுதான். மீட்டருக்குப் போகும் அந்த ஹோஸ் குழாய் சூப்பர்சார்ஜரின் வாயிலேயே, கூலருக்கு முன்னால் செருகப்பட்டிருந்தது. கூலருக்குள் வழி குறுகலாக இருந்தால் காற்று வெளியே நெருக்கியடித்து நிற்கும், முள் ஏறும். ஜூஜுவாடியில் பார்டருக்கு இந்தப் பக்கம் லாரிகள் அடைத்து நிற்பதை எண்ணிவிட்டு, அத்தனையும் பெங்களூர் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொல்வது போன்ற கணக்கு அது. என் கூலரில் வழி தாராளம். காற்று நன்றாகக் குளிர்ந்து சுருங்குவதால் முள் கொஞ்சம் இறங்கும். ஆனால் இன்ஜினுக்குள் போகும் காற்று அதிகம்.

அன்று மாலையே முதலாளியிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருடைய அறைக்குள் சொன்னது அந்த அறைக்குள்ளேயே முடிந்துபோகும். போர்மேன் ஏழு பேரை என்னைப் பார்த்துச் சிரிக்கவைத்தார். எனக்கும் அந்த ஏழு பேர் வேண்டும்.

மூன்று வாரம் ஜாப் கார்டு எழுதினேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார்கள்.

பிறகு அந்தப் பெங்களூர் வண்டி திரும்பி வந்தது. “ஏனு சார் இது? மேலுமலை ஏறறப்போ இன்ஜின் உள்ள கல்லப் போட்டுக் குலுக்கற மாதிரி சத்தம். பவரும் முன்ன விடக் கம்மி” என்றார் வண்டிக்காரர்.

“பெட்ரோல் சார். பார்டருக்கு அந்தாண்ட போட்டீங்களா?” என்றார் போர்மேன்.

நான் கார்டோடு எழுந்து போனேன். “காரணம்னு ஒரு கட்டம் இருக்குதுண்ணா. என்ன எழுதட்டும்?”

“பெட்ரோல்னு எழுதுங்க.”

“அளந்துட்டு எழுதலாமே.”

பக்கத்தில் நின்ற முதலாளி சரி என்று தலையசைத்தார். கூலருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு மீட்டர்களை இணைத்து டேஷ்போர்டில் ஒட்டினேன். வண்டிக்காரர் ஓட்ட, போர்மேன் அவர் பக்கத்தில், நான் பின்சீட்டில். மேலுமலைக்கே போனோம்.

“நீங்களே படிங்கண்ணா. நான் எழுதிக்கறேன்.”

“இது பத்து.” இரண்டாவது மீட்டர் பக்கம் குனிந்தார். “அது ஏழு.”

“நடுவுல மூணு எங்கண்ணா போச்சு?”

“மீட்டர் கோளாறா இருக்கும்.”

அதையும் எதிர்பார்த்திருந்தேன். வண்டியை ஓரங்கட்டி, இரண்டு மீட்டர்களையும் இடம் மாற்றி மாட்டினேன். மறுபடி ஏறினோம். முன்னால் பத்து, பின்னால் ஏழு. இரண்டாம் முறை அதைப் படித்தபோது அவர் குரல் இறங்கியதே, அதை இன்றைக்கும் நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுகிறேன்.

திரும்பியதும் ஏழு பேர் முன்னால் மார்க்கரை அவரிடம் நீட்டினேன். “கூலருக்கு அப்பறம் எவ்ளோவோ, அத எழுதுங்கண்ணா.” பத்தை அழித்துவிட்டு ஏழு என்று எழுதினார். என் பழைய கூலரை நானே மாட்டி அளந்தேன். முன்னால் எட்டு, பின்னால் ஏழரை. காற்றின் சூடும் நன்றாகக் குறைந்திருந்தது.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றியபோது இரண்டின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் மாதிரி அலுமினியப் புள்ளிகள். சூடான காற்றால் இன்ஜின் தட்டித் தட்டி, பிஸ்டன் உதிரத் தொடங்கியிருக்கிறது. அந்த மூன்று வாரத்தின் வேலை. துடைத்து வைத்துவிட்டுப் புது பிளக் போட்டேன்.

அவர் இன்னும் போர்மேன்தான். என்னோடு பேசுவதில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. நான் மறுபடி ஸ்பேனர் பிடிக்கிறேன். வண்டி ஓடுகிறது. இன்ஜினைத் திறந்து பிஸ்டனைப் பார்க்கவேண்டும் என்று வண்டிக்காரரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.