பெரியப்பா எடுத்த வீடு

விடுதியில் அவனை எல்லோரும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் வயதுதான் அவனுக்கும். ஆனால் முதலாம் ஆண்டிலேயே கிழிந்த சட்டையைத் தானே தைத்துக்கொள்வான். யாருக்காவது காய்ச்சல் என்றால் நெற்றியில் ஈரத்துணி போடுவான், போட்டுக்கொண்டே திட்டுவான். கடைசி ஆண்டில், அடுத்து என்ன செய்வதென்று நாங்கள் பேய்முழி முழித்துக்கொண்டிருந்தபோது அவன் மட்டும், "நான் ரெடிடா. எப்ப வேணா வெளிய விடட்டும்" என்பான்.

அவனுக்கு ஓர் அவசரம் இருந்தது. அவன் அம்மா அவனுடைய அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணி வாயைத் திறந்தால் 'தண்டச்சோறு'தான். ஒருமுறை அவன் அம்மாவோடு போனில் பேசும்போது பின்னாலிருந்து அந்தச் சொல் வந்தது, எனக்கே கேட்டது. அம்மா அவசரமாக, "டிவி ஓடுதுப்பா" என்றார்.

தேர்வு முடிந்ததும் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்தது. உடனே வீடு எடுத்தான். மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. கட்டில், அடுப்பு, வாளி எல்லாவற்றையும் நாங்கள்தான் தூக்கிப்போனோம். அம்மாவுக்குக் கண் கூசாமலிருக்க ஜன்னல் திரை, குளியலறையில் வழுக்காமலிருக்க ரப்பர் விரிப்பு. "ஏதாவது விட்டுப்போச்சாடா?" என்று எங்களைத் துளைத்தெடுத்தான். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. நாங்கள் படிகளைத் தாவித் தாவி ஏறுகிறவர்கள்.

அம்மாவின் முழங்கால்கள் தேய்ந்துபோயிருந்தது அவனுக்குத் தெரியாது. கேட்கும்போதெல்லாம், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லி வைத்திருந்தார். வந்த அன்று முதல் மாடியிலேயே கைப்பிடியைப் பிடித்து நின்றுவிட்டார். மிச்சப் படிகளை உட்கார்ந்தபடியே, கைகளைப் பின்னால் ஊன்றி ஊன்றி ஏறினார். மேலே வந்து மூச்சிரைக்க, "நல்ல காத்து வருதுப்பா" என்றார்.

அதன்பிறகு அவர் இறங்கவே இல்லை. கீழ்த்தளத்தில் வீடு தேடினான். அமையவில்லை. காலையில் வேலைக்குப் போகிறவன் இருட்டிய பிறகுதான் வருவான்.

பட்டமளிப்பு விழா அன்று, அம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்கிவர நண்பர்கள் மூவர் போனோம். அவர் தலைவாரித் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"பெரியப்பா, முன்பக்கம் நீ பிடி."

"இவன் யாருக்குப்பா பெரியப்பா?"

"எங்க எல்லாருக்கும்தாம்மா. அதட்டல் தாங்கல."

அம்மா சிரித்தார். முதல் திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தது. அவர் சுவரைப் பற்றப் பார்த்ததில் நகம் பெயர்ந்துவிட்டது. "வேண்டாம்பா, விட்டுடுங்க" என்று நடுங்கினார். திரும்ப மேலே கொண்டுபோனோம்.

"நீ போய்ப் பட்டத்தை வாங்கிட்டு வா."

"தபால்ல அனுப்புவாங்கம்மா." அவன் சட்டையைக் கழற்றி மாட்டினான்.

அம்மா விரலில் துணியைச் சுற்றிக்கொண்டார். பிறகு எங்கள் முன்னாலேயே சொன்னார்: "என்னை அண்ணன் வீட்டுலயே கொண்டுபோய் விட்டுருப்பா."

"அங்க நீ என்ன பேச்செல்லாம் வாங்குனேன்னு மறந்துட்டியா?"

"மறக்கல. திட்டு வாங்கிட்டு வாசல்லயாவது போய் உக்காருவேன். போறவங்க வர்றவங்க முகத்தைப் பாப்பேன். இங்க குழாய் சொட்டுறதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"ஒரு மாசம் பொறும்மா. கீழ்வீடு பாத்துடறேன்."

"பாத்துட்டுக் கூப்பிடு, வரேன்."

அந்தக் குரலில் வருகிற எண்ணம் இல்லை. அவனுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். அம்மாவின் துணிமணிகளைப் பையில் எடுத்து வைக்க ஆரம்பித்தான்.

அன்று மாலையே கிளம்பினார்கள். அம்மா உட்கார்ந்தபடி ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினார். அவன் அவருக்குக் கீழே நின்று, இரண்டு பாதங்களையும் உள்ளங்கைகளில் தாங்கிக்கொண்டு பின்னோக்கி இறங்கினான். இரண்டாம் மாடிக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

கீழே வண்டி காத்திருந்தது. பையை உள்ளே வைத்துவிட்டு, நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்டா. அண்ணி வாசல்லயே ஆரம்பிச்சிடுவாங்க. நீ வேற எதுக்கு?"

அம்மா உள்ளேயிருந்து அவன் கையைப் பிடித்தார். "அவ என்ன சொன்னாலும் நீ பதில் பேசக்கூடாது. நாளைக்கு அங்க இருக்கப்போறவ நான்."

அவன் தலையாட்டினான். அம்மாவின் கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்து, கதவைச் சாத்தினான்.