தோளைப் பிடித்தவர்

என் கையெழுத்து கோணல், பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓட்டும் முதலாளி காரில் கேட்டுக் கேட்டுப் பிடித்துப்போன இசைக்குழு அது. ஒரே பாட்டை மேடையில் அரைமணி நேரம் மனம்போனபடி வளர்ப்பார்கள். நான் வேலை பார்க்கும் இந்த மராட்டி ஊரில், பாணேர் பக்கம் வாசிக்கிறார்கள் என்றதும் சொந்தமாக டிக்கெட் வாங்கிப் போனேன்.

கிடார் உச்சிக்கு ஏறியபோது "ஐயோ" என்றேன். பக்கத்தில் கண்மூடி ஆடிக்கொண்டிருந்த நரைத்தாடிக்காரர் என் தோளைப் பிடித்தார்.

"தமிழா அண்ணே? இருங்க, இனிமேதான் இருக்கு!"

பாட்டு முடியும்வரை கையை எடுக்கவில்லை. விளக்கு வந்ததும் என் டிரைவர் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்.

"உங்க சாப் எங்கே?"

முதலாளியைக் கேட்கிறார். தனியாக வந்ததை மறைத்து, "முன்னால நிக்கிறார்" என்றேன்.

"இன்னும் ஒரு பாட்டுதான். போய் வண்டிய எடுத்து வைங்க, இல்லாட்டி திட்டுவார்."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது. கடைசிப் பாட்டைப் பார்க்கிங்கில் நின்று கேட்டேன்.

தை இரண்டாம் தேதி.