முழங்காலில் ஒரு தட்டு

முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு, மருத்துவர் முழங்காலில் எத்தனை முறை தட்டியும், தானாக உதைக்க வேண்டிய என் வலது கால் அசையவில்லை. அந்தக் கவலையோடுதான் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். பக்கத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவி. வகிடு கலைந்த தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. மற்றவர்கள் போனைத் தடவுவதுபோல, அவள் ரப்பர் சுத்தியலால் தன் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

என்னவென்று கேட்டேன்.

“தண்டுவடத்துல நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயு இருக்கு சார். சேர்த்து வைக்க முடியாது. அப்பப்ப உருவாகி, பக்கத்து செல்லுக்கெல்லாம் பரவி, சில நொடியில மறைஞ்சிடும். தட்டினா கால் தானா உதைக்குதே, அந்த வாயு இந்த உதைப்பைக் கூட்டுதா, குறைக்குதான்னு பார்க்கிறேன்.”

என் கதையைச் சொன்னேன்.

“கால்மேல கால் போடுங்க. ரெண்டு கை விரலையும் கோத்து இழுங்க. காலை மறந்துடுங்க,” என்று சொல்லி என் வலது முழங்காலில் தட்டினாள்.

என் கால் எகிறி, எதிரே இருந்த பூக்காரம்மாவின் கூடையில் பட்டது.

“இன்னா சார், சாமிக்குப் போற பூவை ஒதைக்கிறே!”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. விஷயம் தெரிந்ததும் அந்த அம்மா, “எனக்கும் தட்டு கண்ணு,” என்று கால்மேல் கால் போட்டார்.

பெயர் கேட்பதற்குள், அந்த மாணவி தான் சொன்ன வாயுவைப் போலவே, பல்லாவரத்தில் இறங்கி மறைந்துவிட்டாள். மாம்பலம் வரை நானும் பூக்காரம்மாவும் ஒருவர் முழங்காலை ஒருவர் கையாலேயே தட்டிக்கொண்டே போனோம்.