கல்யாணமானவர்களின் இளைஞர் மன்றம்

எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தில் இளைஞர்களுக்கு ஓட்டு கிடையாது. கேட்டால் சிரிப்பீர்கள். ஆறு வருஷம் அங்கே தொண்டு செய்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பழவேற்காடு ஏரியில் எங்கள் ஆட்கள் வலை போடுவதற்குப் பாடு என்றொரு முறை உண்டு. எந்த இடம் என்றைக்கு யாருக்கு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்கள். கல்யாணமான ஆண்களுக்கு மட்டுமே அதில் பங்கு. குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியவனுக்கு மீன் கிடைக்கட்டும் என்று யாரோ யோசித்து வைத்தது. ஏரிக்கு அது சரி. மன்றம் ஆரம்பித்தபோது வேறு சட்டம் யோசிக்கச் சோம்பேறித்தனப்பட்டு, அதையே தூக்கி அங்கேயும் வைத்துவிட்டார்கள். தாலி கட்டியவன் உறுப்பினர், மற்றவர்களெல்லாம் தொண்டர்கள். இளைஞர் மன்றத் தலைவருக்குப் பேரனே இருந்தான்.

ஊரில் இருக்கும் பழைய டச்சுக்காரன் கல்லறையில் முள்செடி வெட்டுவது தொண்டர்கள். வெட்டி முடித்ததும் அரிவாளை வாங்கிப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பது உறுப்பினர்கள். வியர்வை தெரிய வேண்டும் என்று ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

நான் அங்கே போனதற்கு ஒரே காரணம் மன்றத்தின் அறை. சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பெண்களுக்கு அங்கே பாடம் சொல்லிக் கொடுத்தேன். அவர்கள் வீடுகளில் இருப்பது ஒரே அறை. பாதியை வலை அடைத்திருக்கும், மீதியில் நைனா குடித்துவிட்டுப் படுத்திருப்பார். புத்தகத்தை விரிக்க இடமில்லாமல் படிப்பை விட்டவர்கள் எத்தனையோ பேர். இந்தப் பெண்களையும் அப்படி விட எனக்கு மனமில்லை.

என் கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில், அந்த அறையில் கேரம் போர்டு போட வேண்டும் என்று பேச்சு எழுந்தது. பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தலைவரிடம் போய்ச் சண்டை போட்டேன்.

"நீ இன்னாமா இதுக்குப் போயி கத்தினு கீற? ஞாயித்துக்கிழம கூட்டம் வச்சி, கை தூக்கச் சொல்லி முடிவு பண்ணிக்கலாம்னு இருக்கோம். உன் ஊட்டுக்காரருதான் இப்ப மெம்பராச்சே, அவர அனுப்பு" என்றார்.

என் கணவர் என் தாய்மாமன் மகன். மன்றத்தின் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை. ஆறு வருஷம் அந்த அறையைப் பெருக்கிய எனக்கு இல்லாத ஓட்டு, மூன்று முடிச்சு போட்டதற்காக அவருக்கு வந்துவிட்டது. ஆனாலும் சனிக்கிழமை இறால் தொக்கு செய்து போட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன்: கேரம் போர்டு வேண்டாம் என்பதற்குத்தான் கை தூக்க வேண்டும். விரலை நக்கிக்கொண்டே தலையாட்டினார்.

மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றினார்.

"இன்னா மாமா ஆச்சு?"

"கேரம் போர்டு வேணும்ன்றவங்க கை தூக்குங்கன்னாரு. எல்லாரும் தூக்கனாங்க. நான் மட்டும் சும்மா குந்தினு இருந்தா நல்லாவா இருக்கும்? நானும் தூக்கிட்டேன்."

பெண்களுக்குச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் சாயங்காலம் அவர்கள் புத்தகப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, சுவரோரமாக நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். எங்கள் வீட்டிலும் ஒரே அறைதான். அவர் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்த டிவியை அணைத்தேன்.

"அப்ப நான் எங்க போறது?" என்றார்.

"மன்றத்துக்குப் போ மாமா. கை தூக்கி வாங்கின எடமாச்சே."