துளை விழாத வில்லை

என் மேசையின் இழுப்பு லாச்சிக்குள் ஒரு கறுத்த வில்லை கிடக்கிறது. கோப்பித் தூளை அச்சில் போட்டு அழுத்திச் செய்தது. பத்து ரூபாய் நாணயக் குற்றியளவு இருக்கும். நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் இப்படி நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறேன். லேசர் பட்ட இடமெல்லாம் ஊசி குத்தினாற்போல் துளை விழுந்திருக்கும். இதில் மட்டும் ஒரு துளையும் இல்லை. இரண்டு வருடமாக ஒவ்வொரு திங்களும் எடுத்துப் பார்ப்பதும் திரும்ப வைப்பதுமாக இருக்கிறேன். மடத்தனமான வேலை என்று எனக்கே தெரிகிறது. ஆனால் எது மடத்தனம், சுடுவதா சுடாமல் விடுவதா என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

அது மாமியின் கோப்பி. மாமி என் மனைவியின் தாய். முசலிப் பக்கம் வயல் செய்யும் குடும்பம். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது வீட்டில் கூரையும் இல்லை, ஒரு கறிச்சட்டியும் இல்லை. மாமா பற்றைக்குள் கிடந்த ஏதோ தகட்டை எடுத்து, அடித்து வளைத்து, ஒரு தாச்சி செய்து கொடுத்தார். என்ன உலோகம் என்று அவருக்கும் தெரியாது. பிறகு கடைச் சட்டிகள் எத்தனையோ வந்தன. கோப்பிக்கொட்டையும் மல்லியும் வறுப்பதென்றால் மாமிக்கு அந்தத் தாச்சிதான் வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உவர். கோப்பி போட்டால்தான் வாயில் வைக்கலாம். மாமா ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம் குடிப்பார். "கொம்மான்ர கோப்பி குடிக்காட்டி எனக்கு விடியாது" என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த மனிதருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிப் போனது. வைத்தியர் என்ன தண்ணீர், வயலுக்கு என்ன மருந்து, எந்தப் பாத்திரத்தில் சமையல் என்று எல்லாருக்கும் கேட்பதைத்தான் கேட்டார். கடைசிக் கேள்வி மாமியின் நெஞ்சில் தைத்துவிட்டது. மாமாவின் செத்தவீட்டில் ஒரு பெண், "அந்தத் தாச்சிதான் ஆளைத் திண்டது" என்று வாயை வைத்தாள். அன்றோடு மாமி கோப்பியை விட்டார். தாச்சியை வீட்டின் பின்கோடிக்குள் கவிழ்த்துவிட்டு, எட்டாம் நாள் செலவு முடிந்த அன்று என்னைத் தனியே கூப்பிட்டார். "நானெல்லோ தம்பி என்ர கையால ஊத்திக் குடுத்தனான்" என்றார்.

அந்த நேரம் எங்கள் ஆய்வுகூடத்தில் கோப்பியில் என்னென்ன மூலகங்கள் இருக்கின்றன என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறுதலாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிய கதை. மாமி துருவித் துருவிக் கேட்டார்.

"லேசர் எண்டா சுடுமே?"

"ஓம் மாமி. தூளில பட்டதும் ஒரு பொறி பறக்கும். அந்த வெளிச்சத்தைப் பிரிச்சுப் பாத்தா, தாச்சியால ஈயம் இறங்கியிருந்தா ஈயத்தின்ர கோடு தெரியும்."

"சத்தம் கேக்குமோ?"

"பாக்கு வெட்டிற மாதிரி. டக், டக் எண்டு."

பத்து நாளில் மாமியிடமிருந்து கோப்பித் தூள் பார்சலாக வந்தது. வில்லை செய்து சுட்டேன். பொட்டாசியம், கல்சியம், மக்னீசியம், கொஞ்சம் இரும்பு. சோடியம் எக்கச்சக்கம், திகைத்துப்போய்ப் பார்த்தால் அது என் விரல் வியர்வை. கையுறை போட்டு வேறு வில்லை செய்தேன். ஈயம் மருந்துக்கும் இல்லை. நியாயமாகச் சொல்வதென்றால், எங்கள் கருவிக்குத் தெரியும் அளவில் இல்லை. அதற்குக் கீழே இருந்தால் அதுவும் பேசாது, நானும் பேச ஏலாது. இதையெல்லாம் மாமியிடம் விளக்கவா முடியும்? "ஒண்டுமில்லை மாமி" என்றேன். தொலைபேசியில் அவர் அழுத அழுகையைக் கேட்டு நானும் அழுதேன்.

அடுத்த மாதம் போனோம். சிலாவத்துறையில் பஸ் மாறி, உப்புக் காற்றில் முகம் பிசுபிசுக்கப் போய் இறங்கினால், வீடு முழுக்கக் கோப்பி வாசம். மாமி ஊற்றித் தந்து தானும் குடித்தார். எத்தனை நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் வெளிச்சம்! நான் சும்மா இருந்திருக்கலாம். "நீங்கள் அனுப்பின தூள் நல்ல தூள் மாமி, கட்டியே இல்லை" என்று சொல்லித் தொலைத்தேன்.

"பின்னை? உங்கட பெரிய ஆக்கள் பாக்கிறதுக்குப் பழசையே அனுப்புறது? புதுக் கொட்டை வாங்கி, பக்கத்து வீட்டுப் புதுத் தாச்சியில வறுத்தெல்லோ அனுப்பினனான்."

விருந்தாளிக்கு நல்ல கோப்பையை எடுப்பதுபோல் செய்திருக்கிறார். என் கை அப்படியே நின்றது. மாமி அதைக் கண்டார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், எழும்பிப்போய் அலுமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு தகரப் பேணியை எடுத்து வந்தார். மாமா கடைசியாகக் குடித்த தூள், அடியில் ஒரு பிடி. அதை என் பையில் வைத்தார்.

அதுதான் இந்த வில்லை. சுட்டால் என்ன வரும்? ஈயம் வந்தால், அதனால்தான் மாமா செத்தார் என்று ஆகுமா? அதே கோப்பியை அதே தாச்சியில் வறுத்து நாள் தவறாமல் ருசி பார்த்த மாமி கல்லுப்போல இருக்கிறாரே. வராவிட்டால், இல்லை என்று சத்தியம் பண்ணவா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றுகிறது. மனைவியிடம் கேட்டால், "உங்களை ஆர் கேட்டது?" என்கிறாள். அதுவும் எனக்கு விடையாகத் தெரியவில்லை.

போன திங்கள், வருவது வரட்டும் என்று வில்லையைக் கையில் எடுத்தேன். கருவியில் வேறொருவரின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது; அது முடியட்டும் என்று நின்றேன். தொலைபேசி அடித்தது. மாமி. பேரப்பிள்ளையின் காய்ச்சலை விசாரித்தார், மழையைச் சொன்னார். பிறகு குரல் தணிந்தது.

"தம்பி, அந்த மிஷின் என்ன, பழுதோ?"

இரண்டு வருடத்தில் முதன்முதலாகக் கேட்கிறார். என் வாய் முந்திக்கொண்டது. "ஓம் மாமி, பழுதாப் போச்சு."

அந்தப் பக்கம் சத்தமில்லை. இந்தப் பக்கம் கருவி டக், டக் என்று சுட்டுக்கொண்டிருந்தது. பொத்த முடியாத சத்தம்.

"பாக்கு வெட்டுற சத்தம் கேக்குது" என்றார் மாமி.

"பழுதாவே கிடக்கட்டும், தம்பி. திருத்தாதேங்கோ."

வில்லையைத் திரும்ப லாச்சிக்குள் வைத்தேன். அடுத்த திங்களும் எடுத்துப் பார்ப்பேன்.